20 லிட்டர் பழைய இரும்புப் பெட்ரோல் கேன்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஊற்றுவது

வியாசர்பாடி, மூலக்கொத்தளம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில், இராணுவப் பச்சை நிறம் மங்கிப்போன 20 லிட்டர் பெட்ரோல் கேன்கள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. பக்கவாட்டில் பெருக்கல் குறியாக அழுத்தப்பட்ட பள்ளமும், மேலே மூன்று கைப்பிடிகளும், நெம்பித் திறக்கும் மூடியும் கொண்ட இந்தக் கேனைப் பழைய ஜீப்புகளின் பின்புறத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். புதிய கேனின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே கிடைப்பதால், மழைக்காலத்தில் ஜெனரேட்டர் ஓட்டும் சிறு கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் இதைத் தேடி வாங்குகின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. அதற்குப் பிறகு இந்தத் தேவை கூடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்படி ஒரு கேனை வாங்கிச் சீர்செய்து, திருவொற்றியூரில் உள்ள எங்கள் பட்டறையின் சிறு ஜெனரேட்டருக்குப் பயன்படுத்தி வருகிறேன். இதன் உடம்பு பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் வாய், வாஷர், ஊற்றும் மூக்கு ஆகிய மூன்றும் சரியாக இல்லாத கேனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்ரி கேன் என்று அழைக்கப்படும் இந்த வடிவம், 1937ஆம் ஆண்டு ஜெர்மானிய இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. எஃகுத் தகட்டை இரண்டு பாதிகளாக அழுத்தி எடுத்து, நடுவில் பற்றவைத்து இணைத்திருப்பதால், கசிவதற்கு இடம் தரும் மடிப்புகள் இதில் மிகக் குறைவு. பக்கத்துப் பள்ளங்கள் தகட்டுக்கு வலுவூட்டுவதோடு, வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறும்போது தகடு சற்றுப் புடைத்துக்கொள்ளவும் இடம் தருகின்றன. மூன்று கைப்பிடிகளுக்கும் காரணம் உண்டு: நிறைந்த கேனை ஒருவர் நடுக்கைப்பிடியில் தூக்கலாம், இருவர் ஆளுக்கொரு ஓரக் கைப்பிடியைப் பிடிக்கலாம், வெறுங்கேன்களாக இருந்தால் ஒரே கையில் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கலாம். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை நம்பியிருந்தது 4 காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்களை. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரியின் குலுக்கலில் அவற்றின் இணைப்புகள் பிளந்து, ஏராளமான பெட்ரோல் மணலில் கொட்டிப் போயிற்று. கைப்பற்றிய ஜெர்மன் கேனின் அருமையைப் பார்த்த பிறகு, பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் அதையே ஒட்டித் தங்கள் கேன்களைச் செய்துகொண்டார்கள்.

நம் ஊரில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் வந்த சதுரத் தகர டின்னும் அந்த 4 காலன் டின்னின் இனத்தைச் சேர்ந்ததே. தகர டின்னும் இரும்புதானே, அதில் பெட்ரோல் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைக்கவே கூடாது. சமையல் எண்ணெய் வரும் 15 லிட்டர் டின்னுக்கும் இதுவே பதில். பித்தளைத் திருகு மூடியும் பர்மா ஷெல் போன்ற பழைய பெயர்களின் எழுத்துப் புடைப்பும் உள்ள 2 காலன் கேன்கள் எப்போதாவது கண்ணில் படும். அவை அழகானவை, சேகரித்து அலமாரியில் வைக்கத் தக்கவை. இன்றைய பெட்ரோலை அவற்றில் ஊற்றுவது நல்லதல்ல.

கடையில் கேனைப் பார்க்கும்போது முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். வெறுங்கேன் 4 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ கனக்கும். அடிப்பகுதியை, அதிலும் குறிப்பாக நடு இணைப்பு அடித்தளத்தைச் சந்திக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினால், அந்தக் கேனை அங்கேயே வைத்துவிடலாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று இரும்பை விடாமல் அரிக்கும் பகுதி நம்முடையது. ஈரமான சிமெண்டுத் தரையில் நெடுநாள் நின்ற கேன்கள் எப்போதும் அடியிலிருந்துதான் போகின்றன. பிறகு கேனை மெல்லக் குலுக்க வேண்டும். உள்ளே சலசலவென்று ஓசை கேட்டால், துரு செதில் செதிலாகப் பெயர்ந்து கிடக்கிறது என்று பொருள். மேலே புதிதாகப் பெயிண்ட் பூசிய கேனை நான் இன்னும் சந்தேகத்துடனேயே பார்ப்பேன், ஏனெனில் பெயிண்டுக்கு அடியில் மக்கு வைத்து ஓட்டையை மறைத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

உட்புறத்தைப் பார்ப்பதற்குச் சிலர் செல்போன் டார்ச்சை வாய்க்கு அருகே கொண்டுபோகிறார்கள். தீக்குச்சியைக் கிழிப்பவர்களும் உண்டு என்று கேள்விப்படும்போது மனம் பதறுகிறது. கேனை வெயில் விழும் இடத்துக்குக் கொண்டுவந்து, சிறு முகக்கண்ணாடியால் ஒளியை உள்ளே திருப்பினால், உள்சுவரின் நிலை தெளிவாகவே தெரியும். பழுப்பாகப் படிந்த லேசான துரு பரவாயில்லை. குழிகுழியாக அரித்திருந்தால் வேண்டாம். உள்ளே பூசிய வார்னிஷ் தோல்போல உரிந்து தொங்கினாலும் வேண்டாம்; இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், அது பழைய பூச்சுகளை மேலும் கரைத்து, கார்புரேட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வாய்க்குள், கைப்பிடிப் பக்கமாக, ஒரு மெல்லிய காற்றுக்குழாய் இருக்கும். இந்தக் கேனின் உயிர் அதில்தான் இருக்கிறது. பெட்ரோல் வெளியே வரும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போய், கைப்பிடிக்குக் கீழே உள்ள காற்றறையை நிரப்புவதால், குபுக் குபுக்கென்று தெறிக்காமல் ஒரே சீராகப் பெட்ரோல் இறங்கும். குழாய் அடைபட்டிருந்தால் கேன் நல்ல கேனாக இருந்தும் பயனில்லை. துருவும் குளவிக் கூடும் அதை அடைத்திருப்பதைப் பழைய கேன்களில் பார்க்கலாம். ஒரு மெல்லிய வளையும் கம்பியைச் செலுத்திப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்.

நான் பார்த்தவற்றில் ஒரு கேனின் அடியில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தது. பக்கத்து வெல்டிங் பட்டறைத் தம்பி, “ஒரே ஒரு பொட்டு வெச்சா போதும்ணே, அஞ்சு நிமிஷத்துல அடைச்சிடலாம்” என்று உண்மையான உதவி மனத்தோடுதான் சொன்னார். அவருக்கு விளக்கிச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். பெட்ரோல் இருந்து காலியான கேன், நிறைந்த கேனைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் அது வெடிக்கும் கலவையாகிறது. நிறைந்த கேனுக்குள் ஆவி அந்த அளவைத் தாண்டி அடர்ந்திருக்கும். காலியாகி அடியில் சில துளிகள் மட்டும் தங்கிய கேனில்தான் கலவை சரியாக அந்த வரம்புக்குள் வந்து நிற்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த கேனிலும், துருவுக்கும் இணைப்புக்கும் இடையில் ஊறிய பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாக எழும். ஓட்டை விழுந்த கேனைப் பற்றவைக்கக் கொடுக்கவே கூடாது. அதைப் பழைய இரும்புக்குத் திருப்பிப் போடும்போதும், வாய்வரை தண்ணீர் நிரப்பி ஆவியை வெளியேற்றிவிட்டு, பெட்ரோல் இருந்த கேன் என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே கேஸ் கட்டரோடு அதை வெட்டப் போகிறவரின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கேனைச் சுத்தம் செய்வது கடினமான வேலை அல்ல, பொறுமை வேண்டிய வேலை. ஒரு பிடி நட்டும் சிறு போல்ட்டும் போட்டு, சோப்புத் தண்ணீருடன் குலுக்கினால் தளர்ந்த துரு உதிர்ந்துவிடும். எஞ்சியதற்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் அது கிடைக்கும். ஓர் இரவு ஊறவைத்து, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உச்சி வெயிலில் வாய் திறந்தபடி முழுவதும் உலர்த்த வேண்டும். சில பழைய கேன்களின் உள்ளே ஈயம் கலந்த மங்கலான சாம்பல் பூச்சு இருக்கும். அப்படிப்பட்டதைச் சுரண்டுவதோ அமிலத்தில் ஊறவைப்பதோ வேண்டாம். அந்தக் கேனையே தவிர்ப்பது மேல்.

சுத்தமான கேனைக் கசிவுக்குச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. காலிக் கேனைக் காலைக் குளிர்ச்சியில் இறுக மூடி, நண்பகல்வரை வெயிலில் வைத்துவிட்டு, இணைப்பு நெடுகிலும் வாயைச் சுற்றியும் சோப்பு நுரையைப் பூசினால், காற்று கசியும் இடத்தில் குமிழி எழும். என் கேனில் இணைப்பு எங்கும் குமிழி இல்லை. வாயைச் சுற்றி வரிசையாக எழுந்தது. காரணம் வாஷர். விற்ற கடையில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராக வைத்திருந்தார்கள். டியூப் ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி, பிசுபிசுத்து, சில வாரங்களில் தன் வடிவத்தையே இழந்துவிடும். எரிபொருளுக்கு உரியது நைட்ரைல் ரப்பர். பாரிமுனைப் பக்கம் ரப்பர் சாமான் விற்கும் கடைகளில் பழைய வாஷரைக் காட்டி அதே அளவில் கேட்டால், மிகக் குறைந்த விலையில் கொடுக்கிறார்கள். புதிய வாஷர் போட்ட பிறகு கேனைத் தலைகீழாக நிறுத்தினாலும் ஒரு சொட்டு வரவில்லை. நெம்பு மூடியின் பூட்டு ஊசி தொலைந்திருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். ஊசி இல்லாத நெம்பு, எதிலாவது இடித்தால் தானாகத் திறந்துகொள்ளும்.

பங்க்கில் நிரப்புவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தருவதில்லை என்ற அறிவிப்பைப் பங்க்குகளில் காண்கிறோம். உலோகக் கேனுக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கேனை ஆட்டோவிலோ காரின் டிக்கியிலோ வைத்தபடி நிரப்பாமல், தரையில் இறக்கி வைத்து, பம்பின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக நிரப்பச் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளில் டேங்கர் லாரிக்கு எரிபொருள் ஏற்றும் முன் நில இணைப்புக் கம்பியை மாட்டுவார்களே, அதே காரணம்தான் இங்கும்: ஓடும் பெட்ரோலில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகத் தாவாமல் தரைக்குப் போக வேண்டும். கழுத்துவரை நிரப்பக் கூடாது. வெப்பம் 10 பாகை ஏறினால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 200 மில்லி விரியும். கைப்பிடிக்குக் கீழே உள்ள காற்றறை அந்த விரிவுக்காகவே விடப்பட்டிருக்கிறது. நிரம்பிய கேனை எண்ணூர், கும்மிடிப்பூண்டி வழித்தட மின்சார ரயிலில் ஏற்றிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரயிலில் பெட்ரோல் கொண்டுபோவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இனி ஊற்றுவது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் பகுதி இது. நிறைந்த கேன் பெட்ரோலின் எடையோடு சேர்த்து 19 கிலோ வரை கனக்கும். அதை இடுப்பு உயரத்தில் தாங்கி, சிறு டேங்க்கின் துளைக்குள் குறிபார்த்து ஊற்றுவது நல்ல உடல்வலு உள்ளவருக்கும் சிரமமே. முதல் சில லிட்டர்கள்தான் சிந்தும். ஆகவே எங்கள் பட்டறையில் கேனைப் பாதியளவுக்கு மேல் நிரப்புவதில்லை. மாதக்கணக்கில் தேக்கி வைக்காமல் வேண்டும்போது வாங்கிக்கொள்வதால் அது போதுமானதாகவே இருக்கிறது. கேனின் வாயில் கவ்வி நெம்புகோலால் இறுகும் உலோக மூக்கு தனியாகக் கிடைக்கும். பழைய மூக்குகளின் உள்ளே மெல்லிய கம்பிவலை இருக்கும்; துருத்துணுக்குகளை அது பிடித்துவிடும். வளையும் கழுத்துள்ள மூக்காக இருந்தால் ஜெனரேட்டருக்கு வசதி. மூக்கின் அடியில் உள்ள வாஷரும் நைட்ரைலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மூடியில் நிறுத்திய கசிவு இங்கே தொடங்கும். பழைய கேனோடு வந்த மூக்கு என் கேனின் வாயில் சரியாக உட்காராததால் புதிதாக ஒன்றை வாங்கினேன். அதன் விலையையும் சேர்த்தே இந்தக் கேனின் விலையைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் மலிவின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

ஊற்றும்போது காற்றுக்குழாய் மேற்பக்கமாக இருக்கும்படி கேனைச் சாய்க்க வேண்டும். மூக்கின் உலோகம் டேங்க்கின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும்; பிளாஸ்டிக் புனலை இடையில் வைத்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஜெனரேட்டரை நிறுத்தி, சைலன்சர் கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். மின்சாரம் இல்லாத இரவில், வீடும் கடையும் இருட்டாகிவிடும் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரிலேயே ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால்மணி நேர இருட்டைப் பொறுத்துக்கொள்ளும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஊற்றுவதும் இதே அளவு ஆபத்தானது. டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கும் பழக்கமும் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு பெட்ரோல் தவறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். கையால் அழுத்தும் பம்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது அந்தப் பழக்கம் தேவையே இல்லை.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வடசென்னையில் எளிதான விடை இல்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், பொதுநடை, மாடிப்படிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் என்று வாழும் இடங்களில், அந்த மாடிப்படியின் அடியில்தான் கேனும் போய்ச் சேர்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாக அடுப்பு இருக்கும் இடத்துக்கும், விளக்கேற்றிய சாமி மாடத்துக்கும், இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் போய்ச் சேரும். பெட்ரோலின் தீப்பற்று நிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை என்பதால், நம் ஊரின் மார்கழிக் குளிரிலும் அது எப்போதும் பற்றத் தயாராகவே இருக்கும். காற்றோட்டமுள்ள, நிழலான, வீட்டோடு சேராத இடம் இருந்தால் மட்டுமே கேன் வைக்கலாம். தரையில் நேராக வைக்காமல் மரக்கட்டைமேல் வைத்தால் அடித்தகடு துருப்பிடிப்பது குறையும். வெள்ளம் வரக்கூடிய தெருவாக இருந்தால் சங்கிலியால் கட்டியும் வைக்க வேண்டும்: பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மேலே காற்றறையும் இருக்கிறது, ஆகவே நிறைந்த கேனும் மிதந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கும். நம் கடலோரக் காற்றில் இது இன்னும் பெரிய குறை. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், ஒன்றிரண்டு மாதங்களுக்குள் கேனில் உள்ளதை வண்டியில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புவது நல்லது. அளவைப் பொறுத்தவரை, 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இன்றி மொத்தம் 30 லிட்டர்வரை வைத்திருக்க அனுமதிக்கிறது. உலோகக் கொள்கலன் 25 லிட்டருக்கு மிகாமல், இறுக மூடியிருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. ஆகவே 20 லிட்டர் கேன் ஒன்று சட்டத்துக்கு உட்பட்டது; இரண்டு கேன்களை நிரப்பி வைத்தால் வரம்பு மீறிவிடும்.

திறந்த முற்றமும், சீர்செய்யத் தெரிந்த கையும் உள்ள பட்டறைகளுக்கு இந்தப் பழைய கேனை மனநிறைவோடு பரிந்துரைப்பேன். வாஷர், மூக்கு, பூட்டு ஊசி ஆகியவற்றைப் புதிதாகப் போட்ட பிறகும் புதிய கேனைவிடச் சற்றுக் குறைந்த செலவே ஆகிறது. தகட்டின் கனத்தில் இன்று சந்தையில் வரும் பல புதிய கேன்களைவிட இது மேலானது. ஒரே ஒரு சிறு ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், இதே வடிவத்தில் வரும் 5 லிட்டர் அல்லது 10 லிட்டர் புதிய உலோகக் கேனை வாங்குவது நல்லது. தூக்குவது எளிது, சிந்துவது குறைவு, தேங்கும் பெட்ரோலும் குறைவு. பொதுநடையும் மாடிப்படி அடியும் தவிர வேறு இடமில்லாதவர்கள் எந்தக் கேனையும் வாங்க வேண்டாம். புயல் அறிவிப்பு வந்ததும் ஜெனரேட்டரின் சொந்த டேங்க்கை நிரப்பி, அதை வெளிக்காற்றில் பாதுகாப்பாக நிறுத்தி வைத்தாலே ஓர் இரவைக் கடத்திவிடலாம்.